கிரைண்டர் ஓடிய நேரத்தில் படித்தவர்

செய்தி வந்தபோது என் தட்டில் மூன்று இட்லி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. அலமேலு அக்கா இந்நேரம் வாழப்பாடி தாண்டியிருப்பார், இன்னும் கொஞ்ச நேரத்தில் சேலத்தில் இறங்கிவிடுவார் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி சமையலறை ஜன்னலுக்கு வெளியே சட்னிக்காக வரிசையில் நின்றேன். வார்டன் டீச்சர் செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"கமலா, அலமேலு போயிட்டாளாம்."

பெரிய சமையல்காரரான கமலாம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "விடியறதுக்கு முன்னியே போயிட்டாளே டீச்சர். அம்மாவுக்கு ஜொரம், மலைக்குப் போறேன்னு உங்ககிட்டதான லீவு கேட்டா?"

"மலைக்குப் போகல கமலா. கள்ளக்குறிச்சி ரோட்டுல கரும்பு டிராக்டர் ஒன்னு பஞ்சராயி நின்னுக்கினு இருந்துச்சாம். இருட்டுல ஒரு பைக்கு போயி மோதிடுச்சு. எவனோ ஒருத்தன் ஓட்டிக்கினு போயிருக்கான். இவ பின்னால உக்காந்திருக்கா. அவன சேலத்துக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க, நெனவு இல்லியாம். இவ அங்கியே முடிஞ்சிட்டா."

கமலாம்மா அடுப்பை அணைத்தார். "மாவு ஆட்டி வெச்சிட்டுல்ல போனா" என்றார். எங்கள் விடுதியில் எண்பது பெண்கள். எண்பது பேரும் தட்டைப் பார்த்தோம். தான் இல்லாத காலையில் கமலாம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஆட்டி, உப்புப் போட்டுக் கலக்கி, தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போன மாவு அது. நன்றாகப் பொங்கியிருந்தது.

இன்று புதன்கிழமை. நாளைக் காலை பள்ளிக்குப் போகும் முன் விடுதியில் இரங்கல் கூட்டம். அக்காவின் அம்மா மலையிலிருந்து வருகிறார். நானும் அதே மலைக்காரி என்பதாலும் திக்காமல் வாசிப்பேன் என்பதாலும் வாசிக்கிற வேலையை வார்டன் டீச்சர் எனக்குக் கொடுத்திருக்கிறார். எழுதியும் கொடுத்துவிட்டார். அரைப் பக்கம். 'செல்வி அலமேலு அவர்கள் சமையல் உதவியாளராக இரண்டு ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றினார். மாணவியரிடம் அன்பாகப் பழகினார். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வாசித்து முடித்தால் அக்கா அந்த 'எவனோ ஒருத்தன்' பின்னால் உட்கார்ந்துகொண்டு ஓடிப் போனவராகவே இருந்துவிடுவார்.

நான்கு நாட்களாக அதுதான் பேச்சு. லீவுக்குப் பொய் சொன்னாள், அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை, பை எடுத்துக்கொண்டு போனாள், பையும் கிடைக்கவில்லை, அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு வரை பேசுகிறார்கள். அது மலைக்கும் ஏறிவிட்டது. அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மாமன் அடக்கத்துக்குக் கோடித் துணி கொண்டுவரவில்லை. "எவனோடயோ போனவளுக்கு நான் எதுக்குத் துணி போடணும்?" என்று வீட்டு வாசலிலேயே சொன்னாராம். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரமாட்டாராம்.

அக்கா தேர்வு எழுதப் போனார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். எம்.எஸ்சி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. அன்று காலை ஒன்பதரைக்கு, சேலத்தில். அதற்கான ஹால் டிக்கெட்டின் இன்னொரு நகல் என் தகரப் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில், அவருடைய நோட்டுக்குள் இருக்கிறது.

இதைச் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மாணவிகள் சமையலறைக்குள் போகக் கூடாது, சாமான் அறைப் பக்கமே போகக் கூடாது என்பது விடுதி விதி. நான் அந்த அறைக்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டிவரும். "இதுல எந்தப் பொண்ணாவது சம்பந்தப்பட்டிருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியக் கட்டிக்கினு மலை ஏற வேண்டியதுதான். எனக்கும் மேல பதில் சொல்லணும்" என்று வார்டன் டீச்சர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இப்போது மலை ஏறினால் நான் மறுபடி இறங்கமாட்டேன். என் கூடப்பிறந்த அக்கா பத்தாம் வகுப்பில் ஏறினாள். இப்போது திருப்பூரில் நூல் மில்லில் இருக்கிறாள்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் அக்காவின் அம்மா துணிமணிகளை எடுக்க விடுதிக்கு வந்தார். என்னிடம் ஒன்று கேட்டார். நானும் ஒரு பதில் சொன்னேன். அதை எழுத இப்போது கை வரவில்லை. இந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போகிறேன்.

○

அலமேலு அக்கா வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் சாமையும் கொஞ்சம் மரவள்ளியும் போடுவார்கள். கள்ளக்குறிச்சியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்தார். நான் பதினோராம் வகுப்பு வந்த வருடம் எங்கள் விடுதிக்குச் சமையல் உதவிக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான உருவம். எப்போதும் தூக்கம் போதாத கண்கள். நடக்கும்போது வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். தண்ணீர்க் குடம் தூக்கிய தோள்.

அவர் படித்தவர் என்பதே முதலில் எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் நான் வகையீட்டுக் கணக்கு ஒன்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினேன். அவர் சோற்றை வைத்துவிட்டு, "குறிய மாத்திப் போட்டுட்ட. மைனஸு வரணும்" என்றார். பின்னால் நின்றவள், "இன்னாடி, கொழம்பக்கா கணக்குலாம் சொல்றாங்க" என்றாள். அக்கா அவளுக்குக் குழம்பை ஒரு கரண்டி கம்மியாக ஊற்றினார்.

அந்த வருடம் அவர் நுழைவுத் தேர்வு எழுதுவதை எல்லோரிடமும் சொல்லித்தான் போனார். வார்டன் டீச்சர் வாழ்த்தினார். கமலாம்மா திருநீறு பூசினார். முந்தின இரவு எண்பது பேருக்குச் சப்பாத்தி போட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றபடி போய், நேராகத் தேர்வு அறைக்குள் உட்கார்ந்தார். திரும்பி வந்து அவர் சொன்னது இதுதான்: "ஏசி போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு சத்தம் இல்ல. கரண்டி சத்தங்கூட இல்ல. இருவதாவது கேள்வியில கண்ணு சொருகிடுச்சு."

மதிப்பெண் வந்தது. நூற்றுக்கு முப்பத்தொன்று. அப்புறம் கமலாம்மாவுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால், "எம்மா எம்மெஸ்சி, இதுக்கு ஒரு கணக்குப் போட்டு சரி பண்ணும்மா" என்பார். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்கிறவர் அல்ல. ஆனால் தினமும் சொன்னார். பிறகு ஊருக்குப் போக லீவு கேட்டபோது வார்டன் டீச்சரும், "மறுபடியுமா? உனக்கு இருக்கிறது தற்காலிக வேலை, ஞாபகம் வெச்சுக்க" என்றார். வீட்டில் அம்மா, "மாமன் கேட்டுக்கினே இருக்கிறாரு. அந்தப் பரீச்சையில தோத்தது நல்லதாப் போச்சு" என்றாராம். அன்றோடு அக்கா எல்லோரிடமும் சொல்வதை விட்டுவிட்டார். மறுபடி எழுதுவது என்று முடிவு செய்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். நான் ஏன் என்று கேட்டேன்.

"உங்கிட்ட வாட்ச்சு இருக்குதே" என்றார்.

ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்றும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். "எம்பது பேருக்கு உப்பு எவ்ளோன்னு எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கினு போடுவேன். தெரிஞ்சதையே எத்தினி வருசம் போட்டுக்கினு இருக்கிறது?" என்றார்.

அவர் போட்ட திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சி மையத்துக்குப் போக வழியில்லை. நேரமும் இல்லை. காலை நாலரைக்கு அடுப்பு, இரவு ஒன்பதரைக்குப் பாத்திரம். முதல் தடவை எல்லாப் பாடத்தையும் எல்லா நாளும் படித்து, எல்லா நாளும் பாதியில் தூங்கிவிட்டதாகச் சொன்னார். இந்தத் தடவை முதலில் ஒரு வாரம் படிக்கவே இல்லை. நான் கொடுத்த பழைய நோட்டில், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த வாராந்திர உணவுப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதி, எதிர்ப் பக்கத்தில் பாடங்களை எழுதினார்.

திங்கள் இரவு உப்புமா. சீக்கிரம் முடிகிற வேலை. எனவே புதுப் பாடம். செவ்வாயும் சனியும் மாவாட்டும் நாள். கிரைண்டர் ஒரு முறை ஓட நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் சின்னத் தேர்வு ஒன்று. கல் ஓடும் சத்தத்தில் பதினைந்து கேள்வி. புதன் சப்பாத்தி, கை இரண்டும் மாவில் இருக்கும், நோட்டைத் தொட முடியாது. அன்று சூத்திரம் மட்டும். பலகைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டிவைத்துத் தேய்த்துக்கொண்டே சொல்வார். ஞாயிறு மதியம் கறிக்குழம்பு முடிந்து எல்லோரும் தூங்கும் இரண்டு மணி நேரம் பெரிய தேர்வு. வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு நேராக 'தூக்கம்' என்று எழுதியிருந்தார். அதற்கும் அடிக்கோடு போட்டிருந்தார்.

"தூக்கத்தக்கூட எழுதி வெக்கணுமா அக்கா?"

"எழுதலன்னா அந்த நேரத்தையும் நா தின்னுடுவேன். போன தடவ அதான் நடந்துச்சு."

பொங்கல் முடிந்ததும் மேலிடத்திலிருந்து உணவுப் பட்டியலை மாற்றி அனுப்பினார்கள். சப்பாத்தி புதனிலிருந்து திங்களுக்குப் போய்விட்டது. அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தட்டோடு நின்ற என்னைப் பார்த்தபடி சமையலறை நடுவில் நின்றார். "அடப் பாவிங்களா, சப்பாத்தியத் தூக்கி திங்கக்கெழமையில வெச்சிட்டாங்க. இப்ப நா நிகழ்தகவ எங்கடி கொண்டுபோயி வெக்கிறது?" என்றார். கமலாம்மா ஒன்றும் புரியாமல், "அந்த நெகழ்தகவு டப்பாவ ஷெல்புமேல வெய்யேன்" என்றார். அன்று அக்கா சிரித்ததைப்போல நான் அவரைப் பார்த்ததில்லை. உட்கார்ந்துவிட்டார்.

என் வேலை ஞாயிற்றுக்கிழமை மதியம். சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அக்கா உட்காருவார். நாற்பது கேள்வி, நூறு மதிப்பெண், இரண்டு மணி நேரம். நான் வாட்ச்சைப் பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் அவர் எடுத்துக்கொள்ளும் நிமிடத்தை ஒரு தாளில் குறிப்பேன். மூன்று வாரம் இப்படிப் போனது. மதிப்பெண் ஏறவில்லை. முப்பத்தாறு, முப்பத்துமூன்று, முப்பத்தைந்து. அக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. தெரியாத பாடங்களை எல்லாம் திரும்பவும் படிக்க வேண்டும் என்று திட்டத்தைக் கலைக்கப் பார்த்தார்.

நான் பயந்துகொண்டே என் தாளைக் காட்டினேன்.

"பதினோராவது கேள்வியில பதினாலு நிமிசம் இருந்திருக்கீங்க."

"அது வந்துடும்போல இருந்துச்சு."

"வந்துச்சா?"

"வரல."

"இருவதாவதுல பன்னெண்டு நிமிசம். அதுவும் வரல. கடைசி பதினாறு கேள்விய நீங்க படிச்சே பாக்கல அக்கா. அதுல ஒம்போது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "பாதியில வுட்டுட்டு எப்பிடிடி போறது?" என்றார். சொன்ன பிறகு எங்கள் இருவருக்குமே புரிந்துவிட்டது.

மலையில் சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது பெண்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரிசை பிடிப்பார்கள். பிடித்த வரிசையை முனை வரை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் மீதியைப் பக்கத்தில் இருப்பவள் சேர்த்து எடுக்க வேண்டிவரும். அதை அவள் வருடம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். புல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், முள் குத்தினாலும், வரிசை வரிசைதான். அக்காவுக்குப் பத்து வயதில், மழை வந்துவிட்டதே என்று பாதியில் ஓடிவந்ததற்காக அவர் அம்மா மழையிலேயே திருப்பி அனுப்பி முடித்துவிட்டு வரச் சொன்னாராம். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கணக்குப் பரீட்சையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். மலையிலிருந்து வந்த நாங்கள் இரண்டு பேரும் வினாத்தாளில் களை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"இது கொல்ல இல்ல அக்கா. நீங்க வுட்டுட்டுப் போனா பக்கத்துல யாரும் திட்ட மாட்டாங்க" என்றேன்.

"திட்டுறதுக்கு ஒருத்தர் இருந்தாகூடப் பரவாயில்ல, முடிச்சிடலாம்" என்றார்.

அன்று ஒரு விதி வைத்தார். மூன்று நிமிடம் ஆனதும் நான் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டியதும் அந்தக் கேள்வி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு நேரம் மிஞ்சினால் வட்டங்களுக்குத் திரும்பி வரலாம். "வுட்டுட்டு ஓடுறது வேற. வட்டம் போட்டு வெக்கிறது வேற. வட்டம் போட்டா திரும்பி வரேன்னு அர்த்தம்" என்றார். அதை எனக்குச் சொன்னாரா, அவர் அம்மாவுக்குச் சொன்னாரா என்று தெரியாது.

சொல்வது சுலபம். முதல் இரண்டு வாரம் தட்டினால் கை நிற்காது. "இரு, இரு, இதோ வந்துடுச்சு" என்பார். நான் பென்சிலைப் பிடுங்கியிருக்கிறேன். ஒருமுறை கோபத்தில் என் கையைத் தட்டிவிட்டார்; பிறகு அந்தக் கைக்கு வெல்லம் கொடுத்தார். நான்காவது வாரம், தட்டும் முன்பே தானாக ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர்ந்தார். அன்று நாற்பத்தெட்டு வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு கமலாம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இரவுக்கான சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு அக்கா தேர்வுக்கு உட்கார்ந்தார். இடையிடையே எழுந்துபோய்க் கிளற வேண்டியது நான். வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் மறந்துவிட்டேன். வாசனை வந்தபோது பருப்பு அடிபிடித்திருந்தது. அதே நேரம் வராந்தாவில் வார்டன் டீச்சரின் குரல் கேட்டது. அக்கா ஒரே எட்டில் வெளியே போய், சாமான் அறைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். நான் உள்ளே, மூட்டைகளுக்கு நடுவில், இருட்டில்.

"யாரு அடுப்பப் பாத்துக்கினு இருந்தது?"

"நான்தாங்க டீச்சர். தூங்கிட்டேன்."

"மெமோ குடுப்பேன். இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வேலை இருக்காது."

"சரிங்க டீச்சர்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கரிந்த குண்டானைச் சுரண்டிக்கொண்டே, "நீ உள்ள இருக்கிறது தெரிஞ்சா உன்ன மலைக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு என்ன, இந்த அடுப்பு இல்லன்னா இன்னொரு அடுப்பு. நீ போயி மூஞ்சியக் கழுவு" என்றார். பிறகு, "முப்பத்திரண்டாவது கேள்வியில நிறுத்துனேன். எத்தினி நிமிசம் ஆச்சு, குறிச்சியா?" என்று கேட்டார்.

கடைசிப் பெரிய தேர்வில் ஐம்பத்தேழு எடுத்தார். அறுபது எடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்த ஒரு பெண் சொல்லியிருந்தார். அந்தத் தாளில் ஐந்து வட்டம் இருந்தது. நான்குக்குத் திரும்பி வந்து முடித்திருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் நோட்டைக் கொடுத்தார். "இத எடுத்துக்கினு போனா பஸ்ஸுல படிக்கத் தோணும். படிக்கக் கூடாது. தூங்கணும். நீயே வெச்சிக்க" என்றார். இரண்டு ஹால் டிக்கெட் நகலில் ஒன்றை அதற்குள் வைத்தார். நாலேகால் மணிக்கு முதல் பஸ், கள்ளக்குறிச்சியில் இறங்கி மாறினால் ஏழரைக்குள் சேலம். அதையும் நோட்டில் எழுதியிருந்தார். பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு முதல் பஸ் வரவில்லை. மறுநாள் பால் வாங்கப்போன கமலாம்மாவே, எதையும் யோசிக்காமல், வந்து சொன்னார். அந்த பைக்கை ஓட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. கை காட்டியிருப்பார், அவர் நிறுத்தியிருப்பார். அந்த அண்ணனும் கண் விழிக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

எல்லாக் கேள்வியும் முடிந்துவிட்டது. வட்டத்துக்குத் திரும்பி வருகிறேன்.

அன்று சாயங்காலம் அக்காவின் அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில், அக்கா விடுதியில் விட்டுப்போன துணிகளின் மூட்டை. எங்கள் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கேட்டார். என் முறை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். களை பிடுங்கிக் காய்த்த கை.

"எம்மா, உன்னப் பத்தி எங்கிட்ட சொல்லியிருக்குது. மலைக்காரப் பொண்ணு, தங்கச்சி மாதிரின்னு சொல்லும். உனுக்குத் தெரியாம இருக்குமா? எம்பொண்ணு அந்நேரத்துக்கு எங்கம்மா போச்சு?"

வார்டன் டீச்சர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு ஒன்னும் தெரியாதும்மா" என்றேன்.

அவர் கையை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, "சரிம்மா, நீ போயி படி" என்றார்.

இதைத்தான் எழுத முடியாமல் விட்டிருந்தேன். அக்கா எனக்காகக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்றார். நான் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த நான்கு நாளும் நான் அந்தச் சாமான் அறைக்குள்ளேயே இருக்கிறேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதை எழுதி அவர் பையில் ரகசியமாக வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வைத்தால் அவர் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவர் அண்ணன், அந்த மாமன்தான் வாசிப்பார். எதை விடுவார், எதைச் சேர்ப்பார் என்று யாருக்குத் தெரியும். ஆகையால் நாளைக்கு நானே வாசிக்கிறேன். டீச்சர் கொடுத்த அரைப் பக்கத்தையும் வாசிப்பேன்; அதில் தப்பு இல்லை. அதன் பிறகு இதை வாசிப்பேன். நோட்டையும் ஹால் டிக்கெட்டையும் அம்மாவின் கையில் கொடுப்பேன். ஹால் டிக்கெட்டில் போட்டோ இருக்கிறது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அதில் இருப்பது தன் மகள் என்று அவருக்குத் தெரியும். அதைப் பதினாறாம் நாளுக்குள் மாமனிடம் காட்டட்டும்.

அம்மா, உங்கள் மகள் யாரோடும் போகவில்லை. தேர்வு எழுதப் போனார். நீங்கள் பழக்கிவிட்டதுபோலவே, எடுத்த வரிசையை முடிக்கத்தான் போனார்.

எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெட்டியில் எல்லாத் துணியையும் மடித்து வைத்துவிட்டேன். வேதியியல் புத்தகத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன், நாளைக்கும் இங்கே இருந்தால் படிக்க.

அலமேலு அக்கா, மிகவும் களைத்துப்போய்விட்டீர்கள். உங்கள் திட்டத்தில் வாரத்துக்கு இரண்டு இரவுதான் தூக்கம் இருந்தது. இனி எல்லா இரவும் அடிக்கோடு போட்டுத் தூங்குங்கள். நான் டம்ளரைத் தட்டமாட்டேன். கடைசித் தாளில் நீங்கள் திரும்பி வராத அந்த ஐந்தாவது வட்டம் இருக்கிறதே, முப்பத்தெட்டாவது கேள்வி. இன்று சாயங்காலம் அதைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு இன்னும் வரவில்லை. வட்டத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். போய் வாருங்கள்.

இவ்வளவு நேரமும் என் பெயரை எங்கேயும் எழுதாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

ச. பவித்ரா,
பன்னிரண்டாம் வகுப்பு.